அடியில் ஒரு பொடி எழுத்து

மதினி பீரோவில் இருந்த பட்டுப்புடவைகளை மடிப்பு மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு புடவைக்குள்ளிருந்து பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்று நழுவி விழுந்தது. அண்ணனின் கல்யாணப் பத்திரிகை. நாலு மூலையிலும் தடவிய மஞ்சள் பழுப்பேறிக் கிடந்தது. எடுத்துப் பார்த்த அண்ணன் மகன், "சித்தப்பா, இந்த 'லை' என்ன இப்படிச் சுத்திக்கிட்டுக் கிடக்கு?" என்றான். மும்பையில் பிறந்து, தமிழை வீட்டில் படித்தவன். யானைத் தும்பிக்கை 'லை' அவனுக்குத் தெரிய நியாயமில்லை. 1978-ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்தத்துக்கு ஆணை போட்ட பிறகும், வடாலாவில் எங்கள் அச்சகத்தில் அந்த 'லை' வெகு காலம் ஓடியது. பழமைப் பற்றெல்லாம் காரணமில்லை. புது எழுத்து வாங்கக் காசு வேண்டும். இருக்கிற ஈயம் தேயும்வரை ஓடட்டும் என்பது அப்பாவின் கணக்கு.

பத்திரிகையின் அடியில், 'நல்வரவை விரும்பும்' பெயர் வரிசைக்கெல்லாம் கீழே, இருக்கிற எழுத்திலேயே பொடியான எழுத்தில் அச்சகத்தின் பெயரும் 'வடாலா, பம்பாய் – 31' என்ற முகவரியும் இருந்தன. அன்று அண்ணன் மகன் என்னிடம் வேறொரு யோசனை கேட்க வந்திருந்தான். அச்சகத்தை இப்போது நடத்துவது அவன்தான். கூகுளில் யாராவது தேடினால் நம் கடை மேலே வருவதற்கு என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஒரு கோச்சிங் இருக்கிறதாம். எஸ்.இ.ஓ. என்கிறார்கள். மூன்று மாதம், ஆன்லைனில். அறுபதாயிரம் ரூபாய், அதன் மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக 70,800.

"கட்டலாமா சித்தப்பா?" என்றான். நான் அந்தப் பொடி எழுத்து வரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தவர். முதலில் தாராவியில் ஒரு மாமா வீட்டில் ஒண்டிக்கொண்டு, வேறொருவரின் அச்சகத்தில் டிரெடில் மிதித்தார். பிறகு வடாலாவில் ஒரு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பாதி 'காலா' வாடகைக்குப் பிடித்தார். தொழிற்கூடத்துக்கு இந்த ஊரில் காலா என்றுதான் பெயர். ஸ்ரீராம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட், ராயல் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் என்று வடாலாவில் அச்சுக்காரர்களும் பைண்டர்களும் நெருக்கியடித்துக்கொண்டிருந்த கட்டடங்கள் உண்டு. மாடிப்படி ஏறும்போதே மையும் மண்ணெண்ணெயும் கலந்த வாசனை வரும். மண்ணெண்ணெய், எழுத்துக் கழுவ. அந்த வாசனையோடுதான் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போனோம், அதே வாசனையோடுதான் கோயிலுக்கும் போனோம்.

தமிழ் கம்போஸ் செய்ய ஒரு அண்ணாச்சி இருந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட கட்டங்கள் உள்ள கேஸில் அவர் கை தானாகப் போகும். கண் பிரதியில், கை எழுத்தில், வாய் ஊர்க்கதையில். எந்த மாமா பெயர் எந்த மாமா பெயருக்கு மேலே வர வேண்டும், தாய்மாமனை விட்டுவிட்டால் கல்யாணத்தில் என்ன நடக்கும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். பிரதி கொண்டுவந்தவரிடமே, "பெண்ணுக்குப் பெரியம்மா இருக்காவள்லா, அவ பேர் எங்க?" என்று கேட்பார். கேட்டு வாங்கிச் சேர்த்த பெயர்களால் காப்பாற்றப்பட்ட முகூர்த்தங்கள் சில உண்டு.

அப்பா எங்கும் விளம்பரம் செய்ததாக நினைவில்லை. சயானில் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலரில் கால் பக்கம் கொடுப்பார். அதுகூட நட்புக்காக. அவருடைய விளம்பரம் அந்தப் பொடி எழுத்துதான். தேர்தல் காலத்தில் துண்டுப் பிரசுரம் அடித்தால், அச்சிட்டவர் பெயரும் முகவரியும் இருந்தே ஆக வேண்டும், மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 127ஏ பிரிவு அப்படி. தாராவி வேட்பாளர்களின் தமிழ் நோட்டீஸ்களில் நாங்கள் சட்டப்படி இடம்பிடித்தோம். கல்யாணப் பத்திரிகையில் அதை யாரும் கட்டாயமாகக் கேட்பதில்லை. சிலர், "மங்களகரமான காகிதத்தில் உங்க கடைப் பேர் எதுக்கு?" என்பார்கள். அப்பா வாதாட மாட்டார். "இருந்துட்டுப் போகட்டும் சார், நூறு பத்திரிகைக்கு அஞ்சு சேர்த்துத் தாரேன்" என்பார். வேலை முடிந்துவிடும்.

ஒருமுறை மாட்டுங்காவில் ஒரு தலைமையாசிரியர் வீட்டுக் கல்யாணத்துக்கு நாங்கள் பத்திரிகை அடித்தோம். சின்ன ஆர்டர். ஆனால் அந்தப் பத்திரிகை போன வீடுகளெல்லாம் பத்திரிகையைப் படிக்கும் வீடுகள், பத்திரப்படுத்தும் வீடுகள். அடுத்த தையில் செம்பூரிலிருந்து ஆள் வந்தார், முலுண்டிலிருந்து வந்தார், தூத்துக்குடியிலிருந்து ஒரு இன்லண்ட் லெட்டரே வந்தது, பெண்ணைப் பம்பாயில் கட்டிக்கொடுக்கிறேன், அங்கேயே அடித்துவிடுங்கள் என்று. அதே வருஷம் ஒரு கடைத் திறப்புக்குக் கட்டுக்கட்டாக நோட்டீஸ் அடித்து, வடாலா ஸ்டேஷன் வாசலில் கொடுத்தார்கள். அதிலும் எங்கள் பெயர் இருந்தது. அதைப் பார்த்து வந்தவர் யாரும் இல்லை.

இதை அண்ணன் மகனிடம் சொன்னபோது அவன், "சித்தப்பா, இதைத்தான் அந்தக் கோச்சிங்காரங்க இலவச வெபினார்ல பேக்லிங்க்னு சொன்னாங்க" என்றான். அவன் சொன்னது சரிதான். ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் 1998-ல் கூகுளைத் தொடங்கியபோது அவர்கள் கையில் இருந்த பெரிய யோசனை, ஒரு பக்கத்தை எத்தனை பக்கங்கள் சுட்டுகின்றன என்று எண்ணுவது. வெறுமே எண்ணினால் போதாது, சுட்டுகிற பக்கம் எவ்வளவு மதிப்புள்ளது என்றும் பார்ப்பது. தலைமையாசிரியர் வீட்டுப் பத்திரிகைக்கும் ஸ்டேஷன் வாசல் நோட்டீஸுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான். கூகுள் இன்று பார்க்கிற சங்கதிகள் எவ்வளவோ பெருகிவிட்டன. ஆனாலும் யார் உன்னைச் சொல்கிறார்கள் என்ற கேள்வி மட்டும் போகவில்லை.

பொடி எழுத்தைக் காசு கொடுத்துப் போடவைக்கும் ஆட்களும் பின்னாலேயே வந்துவிட்டார்கள். அமெரிக்காவில் ஜே.சி.பென்னி என்ற பெரிய துணிக்கடை, சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான தளங்களிலிருந்து வந்த சுட்டிகளால் முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது. 2011-ல் நியூயார்க் டைம்ஸ் அதை எழுதியதும் கூகுள் கீழே தள்ளிவிட்டது. மறு வருஷம் ஏப்ரலில் பென்குவின் என்ற பெயரில் கூகுள் செய்த மாற்றத்தில், இப்படிச் சுட்டி வாங்கியவர்கள் உலகம் முழுக்க அடிவாங்கினார்கள். பெரிய கடை எழுந்து வந்துவிடும். வடாலாவில் ஒரு காலா வைத்திருப்பவன் எழுந்து வருவது கஷ்டம். 'மாதம் ஐந்நூறு லிங்க்' என்று வாட்ஸ்அப்பில் வருகிற ஆட்களை அண்ணன் மகன் பதில் சொல்லாமலே பிளாக் செய்துவிடுகிறான். அதில் எனக்கு நிம்மதி.

ஒருவர் சொல்லித்தான் இன்னொருவர் கடைக்கு வருகிறார் என்பதைத் தொழிலாகவே ஆக்கிய ஒரு தமிழர் இதே ஊரில்தான் தன் கடையைத் தொடங்கினார். ஜஸ்ட்டயல் வி.எஸ்.எஸ்.மணி. மஞ்சள் பக்க டைரக்டரிக்கு விளம்பரம் பிடித்துக்கொண்டிருந்தவர். 1989-ல் ஆஸ்க்மி என்று தொடங்கியது ஓடவில்லை. போனே இல்லாத காலத்தில் போன் பண்ணிக் கேள் என்றால் யார் கேட்பார்கள்? எங்கள் எஸ்டேட்டில் அப்போது ஒரு தளத்துக்கு ஒரு போன் இருந்தால் அதிசயம். 1996-ல் ஐம்பதாயிரம் ரூபாயோடு மறுபடி தொடங்கினார். 888 8888 என்ற எண் ஊருக்கே மனப்பாடம் ஆனது. எங்கள் கடையிலும் ஒருநாள் ஒரு போன் வந்தது, "விசிட்டிங் கார்டு அடிப்பீர்களா, உங்கள் நம்பரை அங்கே கொடுத்தார்கள்" என்று. அப்பா ரிசீவரை வைத்துவிட்டு, "நம்மள யாருன்னே தெரியாதவன் நம்மளச் சொல்லுதான்" என்று ரொம்ப நேரம் ஆச்சரியப்பட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்திருக்கும்.

கோச்சிங் என்றதும் எனக்கு நினைவுக்கு வந்தது வேறொரு வகுப்பு. டி.டி.பி. வந்த காலம். பேஜ்மேக்கர் என்று ஒரு மென்பொருள், அது ஈயத்தையெல்லாம் கரைத்துவிடும் என்று எஸ்டேட் முழுக்க ஒரே பேச்சு. பிறகு புனேக்காரர்களின் ஸ்ரீலிபி வந்து, தமிழும் மராத்தியும் ஒரே பெட்டியில் அடிக்க முடிந்தது. தாதரில் ஒரு இன்ஸ்டிடியூட்டில் வகுப்பு. கட்டணம் அப்போது எங்கள் வீட்டுக்கு மிக அதிகம். முதலாளி என்ற முறையில் அப்பாவே போவார் என்று எல்லாரும் நினைத்தோம். அவர் அண்ணாச்சியையும் அண்ணனையும் அனுப்பினார். ஐம்பதைத் தாண்டிய ஆளுக்கு எதற்கு வகுப்பு, நாளைக்கு ஊருக்குப் போய்விட்டால் பணம் போச்சே என்று பக்கத்து காலா பைண்டர் கேட்டார். அப்பா, "கை வேலை தெரிஞ்சவனுக்குத்தானவே புதுக் கை கொடுக்கணும்" என்று சொல்லிவிட்டு டீ சொன்னார்.

அண்ணாச்சி முதல் வாரம் விசைப்பலகையைக் கேஸ் மாதிரியே பார்த்தார். 'க' இங்கேயா இருக்கணும் என்று சண்டை போட்டார். அண்ணன் வேகமாகக் கற்றுக்கொண்டான். ஆனால் சில மாதம் கழித்து வந்த பத்திரிகைகளில் எது அண்ணாச்சி செய்தது என்று பார்த்தவுடன் தெரிந்தது. எங்கே இடைவெளி விடுவது, எந்தப் பெயரைப் பெரிதாக்குவது, முகூர்த்த நேரம் எங்கே நிற்க வேண்டும் என்பதெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்தவை அல்ல. வகுப்பு அவருக்குக் கருவியைக் கொடுத்தது, மற்றது அவரிடமே இருந்தது. அவர் ஊருக்குப் போகவும் இல்லை. முட்டி வலி வந்து படியேற முடியாமல் போகும்வரை எங்களோடுதான் இருந்தார்.

அப்பா போன பிறகு, அண்ணன் காலத்தில், ஒருவன் வந்து வெப்சைட் போட்டுக்கொடுத்தான். நல்ல பையன் போலத்தான் இருந்தான். தளத்தின் பெயரைத் தன் பெயரிலேயே பதிவு செய்து வைத்திருக்கிறான் என்பது, அவன் போனை எடுப்பதை நிறுத்திய பிறகுதான் தெரிந்தது. பாஸ்வேர்டு எதுவும் கடையில் இல்லை. ஒருநாள் தளம் காணாமல் போனது. அடுத்து, எங்கள் பெயரில் வேறு ஏதோ சீன எழுத்தில் விற்பனை நடந்தது. அதிலிருந்து இந்த வீட்டில் 'ஆன்லைன்' என்றாலே மதினி முகம் சுளிப்பாள்.

ஆகவே எழுபதாயிரம் சமாசாரத்தை எல்லாரும் உட்கார்ந்துதான் பேசினோம். அந்த இலவச வெபினாரின் பதிவை அண்ணன் மகன் போட்டுக் காட்டினான். சிரித்த முகம், பின்னால் ஒரு வெள்ளைப் பலகை, 'தொண்ணூறு நாளில் முதல் பக்கம், கேரன்டி' என்று கொட்டை எழுத்து. கடைசிப் பத்து நிமிஷம் திரையில் ஒரு கடிகாரம் பின்னோக்கி ஓடியது, அது முடிந்தால் விலை ஏறிவிடுமாம். மதினி, "நகைக்கடைக்காரன்கூட இப்படி விரட்ட மாட்டான்" என்றாள்.

கேரன்டி என்ற சொல்லிலேயே நான் நின்றுவிட்டேன். கூகுளே தன் வழிகாட்டியில் எழுதிவைத்திருக்கிறது, முதலிடத்துக்கு யாராலும் உத்தரவாதம் தர முடியாது, செய்த மாற்றங்களுக்குப் பலன் தெரிய நாலு மாதத்திலிருந்து ஒரு வருஷம்வரை ஆகலாம் என்று. எஸ்.இ.ஓ.வுக்குத் தொடக்கக் கையேடு ஒன்றை 2008-லேயே வெளியிட்டது, இன்றும் இலவசம். மக்கள் எந்தச் சொல்லைத் தேடி நம் தளத்துக்கு வந்தார்கள் என்று காட்டும் சர்ச் கன்சோலும் இலவசம். வரைபடத்தில் கடையைக் காட்டும் பிசினஸ் புரொஃபைலும் அப்படியே. 2014-ல் மை பிசினஸ் என்ற பெயரில் வந்தது அதுதான். உள்ளூர்த் தேடலில் மேலே வருவதற்குப் பணம் கட்ட வழியே கிடையாது என்கிறது கூகுள். தேடியதற்குப் பொருத்தமா, எவ்வளவு பக்கம், எவ்வளவு பேர்பெற்ற கடை என்ற மூன்றைத்தான் பார்க்கிறார்களாம். விளம்பரம் தனிக் கணக்கு.

"அப்ப எல்லாமே சும்மா கிடைக்குதே, எதுக்குக் கோச்சிங்?" என்று அண்ணன் கேட்டான். அதுவும் முழு நியாயம் இல்லை. புத்தகம் லைப்ரரியில் சும்மா கிடைக்கிறது என்பதற்காக வாத்தியார் வேண்டாம் என்று ஆகிவிடுமா? எந்த வரிசையில் செய்வது, எதை விடுவது என்று சொல்ல ஒரு ஆள் இருந்தால் நேரம் மிச்சம். காசு கொடுத்துக் கற்பதை நான் எதிர்க்கவில்லை. இன்னொருவனுக்கு மாதாமாதம் கட்டி, அவன் என்ன செய்கிறான் என்றே தெரியாமல் இருப்பதைவிட, கற்றுக்கொள்வது நூறு மடங்கு மேல். தளம் போன கதை தெரிந்த வீடு இது.

அப்போது அண்ணன் எழுந்து போய் ஆர்டர் புத்தகங்களை எடுத்துவந்தான். அப்பா காலத்திலிருந்தே அதில் கடைசிப் பத்தி ஒன்று உண்டு, 'யார் மூலம்'. 'செம்பூர் சார் மூலம்', 'பத்திரிகை பார்த்து', 'கோயிலில் சொன்னார்கள்' என்று அப்பாவின் கையெழுத்து. இன்று அண்ணன் மகனும் எழுதுகிறான், 'வாட்ஸ்அப்', 'கூகுள்', 'மேப்' என்று. புரட்டப் புரட்ட ஒன்று தெளிவானது. கல்யாணப் பத்திரிகைக்கு வருகிறவர்கள் இன்னமும் யாரோ சொல்லித்தான் வருகிறார்கள், அவர்களும் குறைந்துவிட்டார்கள். ஊருக்கெல்லாம் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிவிட்டு, பெரியவர்களுக்கும் சாமிக்கும் மட்டும் அடிக்கிறார்கள். கூகுளில் தேடி வருகிறவர்கள் வேறு ஆட்கள். தாராவியில் முறுக்கும் சிக்கியும் போடுகிறவர்களுக்கு ஒட்டுச்சீட்டு வேண்டும். தோல் பை தைக்கிறவர்களுக்கு அட்டை டேக் வேண்டும். வடாலா கிழக்கில் எழும்பிய கோபுரங்கள் தங்கள் பேட்டையை நியூ கஃப் பரேட் என்று அழைத்துக்கொள்கின்றன. அங்கேயிருந்து ஒரு அம்மா பிறந்தநாள் பைகளில் ஒட்ட ஸ்டிக்கர் கேட்கிறாள். கோச்சிங்கில் சேர்ந்தால் பயிற்சிக்கு என்று அண்ணன் மகன் தேர்ந்தெடுத்து வைத்திருந்த தேடல் சொல்லோ, 'தமிழ் வெட்டிங் கார்டு மும்பை'.

இன்னொன்றும் அந்தப் பத்தியில் இருந்தது. 'வழி தெரியாமல் அலைந்து வந்தார்' என்று அங்கங்கே ஒரு குறிப்பு. மோனோ ரயில் 2014-ல் செம்பூரிலிருந்து வடாலா டெப்போவரை ஓடத் தொடங்கியபோதே இந்தக் கூத்து ஆரம்பம். டெப்போவில் இறங்கி, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு போன் பண்ணுவார்கள். வரைபடத்தில் எங்கள் புள்ளியும் எஸ்டேட்டின் பூட்டிய பின்வாசலில் விழுந்திருந்தது. கோச்சிங்குக்கு ஒரு பைசா கட்டாமல், முதல் வேலையாக அந்தப் புள்ளியை நகர்த்தினோம். முன்வாசலைப் படம் எடுத்துப் போட்டோம். ஞாயிறு விடுமுறை என்று எழுதினோம். வேலை முடித்து வாங்கிப்போகிறவர்களிடம் நாலு வரி எழுதிப்போடச் சொன்னோம். அலைந்து வந்தார் என்ற குறிப்பு அதற்குப் பிறகு அநேகமாக இல்லை.

அப்புறம் நான் அண்ணன் மகனிடம் கேட்டது ஒன்றுதான்: வகுப்பு முடிந்த பிறகு தினம் ஒரு மணி நேரம் இதில் யார் உட்காருவது? அவன் காலையில் காகிதக் கடை, மதியம் மெஷின், மாலை வசூல். உட்கார முடியாது என்று அவனே ஒப்புக்கொண்டான். கடையில் டிசைன் செய்யும் பெண் ஒருத்தி இருக்கிறாள், ஆன்டாப் ஹில்லிலிருந்து வருகிறவள். வாட்ஸ்அப்பில் வருகிற கேள்விக்கெல்லாம் பதில் போடுவது அவள்தான். 'நூறு ஸ்டிக்கர் அடிப்பீங்களா, தண்ணி பட்டா அழியுமா, நாளைக்குக் கிடைக்குமா' என்று ஊர் என்ன கேட்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். தளத்தில் எழுத வேண்டியதே அந்தக் கேள்விகளும் அவற்றுக்குப் பதிலும்தான்.

எழுபதாயிரம் கட்டவில்லை. கேரன்டி கொடுக்காத, நம் தளத்தையே திரையில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் கட்டணம் வாங்கிச் சொல்லிக்கொடுக்கிற ஒருவரைப் பிடித்து, அந்தப் பெண்ணை உட்காரவைத்தோம். இந்தத் துறை மாறுகிற வேகத்துக்கு மொத்தமாகக் கட்டுவதைவிட இதுதான் தேவலை. 2024-லிருந்து தேடினால் கூகுள் தன் ஏ.ஐ. பதிலையே பல இடங்களில் மேலே வைத்துவிடுகிறது, போன வருஷப் பாடம் இந்த வருஷத்துக்கு அப்படியே ஆகாது. தளத்தின் பெயர் இப்போது கடையின் பெயரில் இருக்கிறது, பாஸ்வேர்டுகள் அண்ணனின் ஆர்டர் புத்தகத்தில்.

நீங்களும் இப்படி ஒரு கோச்சிங்குக்குப் பணம் கட்ட யோசிக்கிறீர்கள் என்றால், முதலாளி நீங்கள் என்பதற்காக வகுப்பில் நீங்களே போய் உட்காராதீர்கள். உங்கள் கடையில் வாடிக்கையாளரிடம் பேசுகிறவர் யாரோ அவரை அனுப்புங்கள், திரும்பி வந்ததும் அந்த ஒரு மணி நேரத்தை வேறு வேலைக்குப் பிடுங்காதீர்கள். அப்படி ஆள் இல்லையென்றால் பணம் கையிலேயே இருக்கட்டும். அந்தப் பெண்ணுக்குச் சம்பளம் கூட்டிக்கொடு என்று அண்ணன் மகனிடம் சொல்லியிருக்கிறேன். தீபாவளிக்குப் பார்க்கலாம் என்கிறான்.